அபேனாவின் குடும்பத்தார்

“அம்மா, இந்த வருத்தம் வெள்ளை ஆக்களுக்கு மட்டும்தான் வருமோ?”

ஏழு வயது அன்னா ஒருநாள் இப்படிக் கேட்டாள். மருத்துவக் காப்புறுதிக்காரர் அனுப்பிய மடிப்புத்தாள் ஒன்று குசினி மேசையில் கிடந்தது. அதில் ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மற்றக் கையால் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசாப்பூ நிறம். பக்கத்தைப் புரட்டினால் இன்னொரு பெண், அவளும் ரோசாப்பூ. தோல் சிவந்தால் கவனிக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. சிவப்பதற்கு வசதியான தோல் உள்ளவர்களுக்காகவே அச்சடித்த தாள் அது.

“ஓம்,” என்றாள் பற்றிமா. சொல்லிவிட்டு அந்தத் தாளை விரித்து, அதன்மேல் வைத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

பற்றிமா சாதாரண ஆள் அல்ல. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் செபமாலைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. மார்புப் புற்றுநோய் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை அந்தக் குழு எப்போதோ ஆராய்ந்து முடித்திருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்காதவளுக்கு வரும். பன்றி சொசேஜ் தின்பவளுக்கு வரும். வெயில் எறித்தால் பல்கனியில் அரைகுறையாகக் கிடப்பவளுக்குக் கட்டாயம் வரும். மஞ்சள் போட்ட கறி தின்று, பிள்ளைகளுக்கு இரண்டு வயதுவரை பால் கொடுத்த தாய்மாரை அது எட்டியும் பாராது. இந்த ஆராய்ச்சி முழுவதும் பற்றிமாவின் வரவேற்பறையில், மூன்று தட்டு றோல்ஸ் செலவில் நடந்தது. பல்கலைக்கழகங்கள் இதே வேலைக்கு எவ்வளவு பணத்தை வீணாக்குகின்றன!

இந்த முடிவில் ஒரேயொரு இடைஞ்சல் இருந்தது. தவக்காலம் தொடங்கியபோது பற்றிமாவின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. உயிர்ப்பு ஞாயிறு வந்து போய், வைகாசியும் பிறந்துவிட்டது, கட்டி போகவில்லை. கையைத் தூக்கினால் நொந்தது.

கணவன் ஜேசுரட்ணத்திடம் சொல்லவில்லை. ஒரு இரகசியத்தைச் சொன்னால், ‘ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ’ என்ற எச்சரிக்கையோடு தொழிற்சாலை முழுவதற்கும் அதைப் பரப்பும் நல்ல மனிதர் அவர். மூத்தவள் கிறிஸ்ரினாவுக்கு லண்டனில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்குக் கான்சர் என்றால் பெண்ணை யார் எடுப்பான்? ஆகவே பற்றிமா மருத்துவரிடம் போகாமல், கேவலார் திருத்தலத்து மாதாவிடம் நேர்த்தி வைத்தாள். ஆவணித் திருவிழாவுக்கு முன் கட்டி கரைந்தால் தன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. தேவதாய்க்கே தவணை குறித்துக் கொடுக்கும் தைரியம் செபமாலைக் குழுத் தலைவிகளுக்குத்தான் வரும்.

பற்றிமாவுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில். அங்கே பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, உயர்த்தி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். மற்ற இரண்டு மூலைகளையும் பிடிப்பவள் அபேனா. கானா நாட்டில் குமாசிக்காரி, நாற்பது வயது, தனி ஆள். இருவரும் பேசிய ஜெர்மனை அப்படியே எழுதினால் ஜெர்மன்காரர் அழுதுவிடுவார்கள். தமிழில் சொல்லிவிடுவதே தர்மம்.

“உனக்கு எந்தப் பக்கம்?” என்று அபேனா ஒருநாள் மடிப்புக்கு நடந்து வந்தபடியே கேட்டாள்.

“என்ன எந்தப் பக்கம்?”

“இடது கை உனக்கு மேலை போகுதில்லை. கொஞ்ச நாளா என்ரை பக்கம் உயரமாயும் உன்ரை பக்கம் பதிவாயும் நிக்குது. விரிப்பெல்லாம் கோணலா மடிபடுது.”

“தோள் பிடிச்சிருக்கு. குளிர்.”

“வைகாசியிலை குளிர்.” அபேனா மூலையை வாங்கிக்கொண்டாள். “எனக்கு வலது பக்கம்.”

பற்றிமா நின்றுவிட்டாள். மறுபக்கம் திரும்பி இயந்திரச் சத்தத்துக்குள் யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள்.

“டொக்டரிட்டப் போனனியோ?”

“போனனான். தங்கமான மனுசன். எழும்பி நிண்டு கை குடுத்தார். நான் இருக்கக் கதிரையை இழுத்து விட்டார். ஒருக்காத் தொட்டுப் பாத்தார், சூடா இருக்கோ எண்டு தோசைக்கல்லைத் தொட்டுப் பாக்கிற மாதிரி.”

தோசைக்கல்லை அவள் சொல்லவில்லை. அவள் நாட்டில் வேறு ஏதோ ஒரு சட்டி. பற்றிமாவுக்கு அப்படித்தான் விளங்கியது.

“என்ன சொன்னவர்?”

“எங்கட ஆக்களுக்கு இது வாறது குறைவாம். எனக்கு வயசும் காணாதாம். கோப்பியைக் குறைச்சுப்போட்டு ஆறு மாசத்தாலை வரட்டாம். என்ரை அக்கா முப்பத்தெட்டு வயசிலை இதாலைதான் செத்தவ எண்டு சொன்னன். ‘மிகவும் வருந்துகிறேன்’ எண்டார். உண்மையா வருந்தினார், முகத்திலை தெரிஞ்சுது. ஆனா எழுதேல்லை.”

“நல்ல மனுசன்தானே.”

“ஓம். அவரின்ரை நல்ல குணத்தைப் பற்றிக் கட்டிக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. அது வளருது.”

“நோகுதோ?”

“இல்லை. அக்காவுக்கும் நோகேல்லை. எங்கட கோயில் பொம்பிளையளும், நோகாட்டி ஒண்டுமில்லை, இது வெள்ளைக்காரியின்ரை வருத்தம் எண்டுதான் அவவுக்குச் சொன்னவை.”

பற்றிமாவுக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. அவளுடைய குழுவின் ஆராய்ச்சி முடிவு, றோல்ஸ் செலவே இல்லாமல் குமாசிவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது?

“வியாழக்கிழமை பத்தரைக்கு திரும்பப் போறன்,” என்றாள் அபேனா. “என்னோடை வந்து இரு. ஒரு ஆளைத் திருப்பி அனுப்பிறது லேசு. ரெண்டு பேரெண்டால் கொஞ்சம் கஷ்டப்படுவினம்.”

பற்றிமா அடுத்த விரிப்பை எடுத்தாள்.

புதன் மாலை மாதா சுருவம் கொறற்றி வீட்டில் இருந்தது. வைகாசி மாதம் முழுவதும் அந்தச் சிலை வீடுவீடாகப் போகும். பெண்கள் பின்னால் போவார்கள். கொறற்றி சின்னப் பெண், ஜெர்மன் நன்றாகப் பேசுவாள். சிவமலர் சைவக்காரி, ஆனாலும் ஒரு நாளும் தவறமாட்டாள். மாதா எல்லோருக்கும் தாய், றோல்ஸும் எல்லோருக்கும் பொது என்பது அவள் கொள்கை. செபமாலை முடிந்து தேத்தண்ணி வந்தபோது, பற்றிமாவின் வாயிலிருந்து அபேனாவின் கதை நழுவியது. தன்னுடைய கதை நழுவாமல் அவள் கவனமாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆர், அந்தக் கறுப்பியோ?” என்று சிவமலர் கேட்டாள். போன மாதம் பாஸ்போட் படம் எடுக்கப் போனபோது, முகம் விழவில்லை என்று படக்காரன் இரண்டு தரம் லைற்றைக் கூட்டியது இதே சிவமலருக்குத்தான்.

“அவ கறுப்பியெண்டால் நீங்கள் என்ன, பால்கோவாவோ?” என்றாள் கொறற்றி.

“நான் மாநிறம், பிள்ளை. நல்ல வெளிச்சத்திலை பார்.”

எல்லோரும் சிரித்தார்கள். பற்றிமாவும் சிரித்தாள், சிரித்தபோது இடது பக்கம் குத்தியது.

“அவவுக்கு இஞ்சை ஆரிருக்கினம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஒருத்தருமில்லை.”

கோப்பைகள் மேசைக்கு இறங்கின. ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் எங்கள் ஆட்களால் ஒன்றைத் தாங்கமுடியாது: நோயாளி ஒருத்தி, பார்க்க ஆளில்லாமல் கிடப்பது. வருத்தம் பார்க்கப் போகாதவளின் பெயர் பத்து வருடத்துக்கு நாறும்.

“எத்தினை மணிக்குப் பாக்க விடுவாங்கள்?” என்றாள் சிவமலர்.

“ஆசுப்பத்திரி இல்லையக்கா, டொக்டரிட்ட. நாளைக்குப் பத்தரைக்கு.”

“அப்ப பத்தரைக்குப் போவம்.”

நேரம் கேட்டாகிவிட்டது என்றால் காரியம் முடிந்தது. மருத்துவரின் காத்திருப்பு அறை நோயாளி பார்க்கும் இடமல்ல என்பது அங்கிருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. பற்றிமாவுக்குத் தோன்றியது. ஆனால் பெண்நோய் வைத்தியரின் வாசலில் ஒருத்தியைத் தனியாகக் கண்டால்தான் ஊர் கதைக்கும். ஒரு கூட்டமாகக் கண்டால் ஏதோ கோயில் விஷயம் என்று விட்டுவிடும். அவள் இன்னொரு றோலை எடுத்து, வாயை அடைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை காத்திருப்பு அறைக்குள் ஏழு தமிழ்ப் பெண்கள் நுழைந்தார்கள். தோடம்பழச் சாறு, திராட்சை, மோல்ட் பேணி, ஒரு பிளாஸ்க். சஞ்சிகை படித்துக்கொண்டிருந்த மூன்று ஜெர்மன் பெண்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அபேனா மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஊர்வலத்தைக் கண்டதும் அவள் வாய் திறந்தபடி நின்றது.

“ரெண்டு பேரெண்டல்லோ சொன்னனான்,” என்றாள் பற்றிமாவின் காதுக்குள்.

“எங்களிட்டை அந்தக் கணக்கு இல்லை.”

சிவமலர் அபேனாவின் கையைப் பிடித்தாள். அதே சிவமலர்தான். “ஒண்டுக்கும் யோசியாதை, பிள்ளை,” என்று தமிழில் சொல்லி, மோல்ட் பேணியை மடியில் வைத்தாள். ஆண்டவருக்கு வேலை செய்ய நல்ல ஆட்கள் கிடைப்பது அரிது; இருக்கிறவர்களை வைத்துத்தான் சமாளிக்கிறார்.

வரவேற்பு மேசைப் பெண் எழும்பி வந்தாள். “இவர்கள் யாரோடு வந்தவர்கள்?”

“அபேனாவோடு,” என்றாள் கொறற்றி.

“எல்லோருமா? குடும்பமா?”

கொறற்றி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “குடும்பம்,” என்றாள்.

மேசைப் பெண் ஒரு கானாக்காரியையும் ஏழு யாழ்ப்பாணத்து, மன்னார் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். நம்பிவிட்டாள். அவள் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம்தானே. எத்தனையோ நாள் அவமானமாக இருந்த ஒரு குறை, அன்றைக்கு ஒருநாள் உபகாரமாக இருந்தது.

அபேனா உள்ளே போனாள். வெளியே சிவமலர் பிளாஸ்க்கைத் திறந்தாள். இஞ்சித் தேத்தண்ணி மணம் எழும்பியது. ஒருத்தி மெதுவாகச் செபமாலையை எடுத்தாள்; மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெயர் கூப்பிடாமலே ஒரு ஜெர்மன் பெண் எழும்பி, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். மேசைப் பெண் ஓடி ஓடி உள்ளே போவதும், கதவைச் சாத்துவதுமாக இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அபேனா தலையை நீட்டினாள். “பற்றிமா, வா. குடும்பத்திலை ஒரு ஆள் உள்ளை வரட்டாம்.”

பற்றிமா எழும்பினாள். தலைவி அல்லவா, அவளைக் கூப்பிட்டது நியாயம்தான் என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

மருத்துவர் எழும்பி நின்று கை கொடுத்தார். கதிரையை இழுத்து விட்டார். உண்மையிலேயே தங்கமான மனிதர்.

“நீங்கள் இவருக்கு என்ன முறை?”

பற்றிமா கதிரையில் இருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவற்றின் வரிசையில் இன்னொன்று சேர்ந்தது. “தங்கச்சி,” என்றாள்.

“அப்படியென்றால் இறந்துபோன சகோதரி...?”

“எங்கட மூத்தவ.” அதைச் சொன்னபோது, காணாத ஒரு பெண்ணுக்காக அவளுக்கு நிசமாகவே கண் கலங்கியது. மருத்துவர் பேனையை எடுத்தார். போன தடவை அபேனா தனியாகச் சொன்னபோது எழுதத் தோன்றாத செய்தி, இன்றைக்கு வெளியே ஒரு குடும்பமே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, எழுதத் தகுந்ததாகிவிட்டது. படம் எடுக்க அனுப்பும் துண்டில் கையெழுத்தும் வைத்தார்.

“நல்லது,” என்றாள் அபேனா. கதிரையைவிட்டு எழும்பாமலே கையை நீட்டி, பின்னாலிருந்த கதவின் பூட்டைத் திருப்பினாள். “இப்ப இவவைப் பாருங்கோ. இடது பக்கம்.”

“எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள் பற்றிமா.

“அக்கா முப்பத்தெட்டிலை செத்தவ,” என்று அபேனா மருத்துவரிடம் சொன்னாள். “இவவும் தங்கச்சிதானே.”

மருத்துவரின் முகம் மாறியது. இரண்டு பேரின் காப்புறுதி அட்டைகளில் இருந்த பெயர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆபத்தான குடும்பம் ஒன்று முன்னால் இருந்தது. பற்றிமா பிளவுசைக் கழற்றினாள். வைகாசியிலும் குளிர்ந்தது. இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. கட்டியில் விரல் பட்டபோது பற்றிமா அபேனாவின் கையைத் தேடினாள். அது ஏற்கெனவே அங்கே இருந்தது.

இரண்டு துண்டுகளோடு வெளியே வந்தபோது, “ஏனப்பா உம்மையும் இவ்வளவு நேரம் வைச்சிருந்தவங்கள்?” என்று சிவமலர் கேட்டாள்.

பற்றிமா கைப்பையை இறுக்கி மூடினாள். சிவமலர் கேட்டது என்னவென்று கொறற்றியிடம் அறிந்த அபேனா, சிரிக்காமல் சொன்னாள்: “பற்றிமாதான் எனக்கு மொழிபெயர்த்தவ. அவ இல்லாட்டி டொக்டர் சொன்னது ஒண்டும் எனக்கு விளங்கியிராது.”

அபேனாவின் ஜெர்மன் பற்றிமாவின் ஜெர்மனைவிட எத்தனையோ மடங்கு மேல். ஆனால் பெண்கள் தங்கள் தலைவியைப் புதிய மதிப்போடு பார்த்தார்கள். பற்றிமாவின் கைப்பைக்குள் மடித்து வைத்த துண்டை ஒருத்தியும் காணவில்லை.

அடுத்த கிழமை இருவரும் ரயிலில் பக்கத்து நகரத்துக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். பற்றிமாவின் கட்டியில் இருந்தது வெறும் தண்ணீர். ஊசியால் இழுத்தார்கள், மறைந்துவிட்டது. ஆவணிவரை மாதா காத்திருக்கவில்லை. அபேனாவின் கட்டியில் தண்ணீர் இல்லை. சின்னத் துண்டு ஒன்று வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

“உனக்குத் தண்ணி, எனக்கு இறைச்சி,” என்றாள் அபேனா திரும்பி வரும் ரயிலில். “சாப்பாட்டிலை எனக்கு எப்பவும் நல்ல பங்குதான் வரும்.”

பற்றிமா சிரிக்க முயன்றாள், அழுகைதான் வந்தது. அபேனா அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

புற்றுநோய்தான். ஆனால் கச்சான் பருப்பளவு, வேறெங்கும் போகவில்லை. மார்பை எடுக்கத் தேவையில்லை, கட்டியை மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சுப் பிடித்தால் போதும் என்றார்கள். ஆறு மாதம் கோப்பியைக் குறைத்துக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு. மருத்துவர் அபேனாவின் இரண்டு கைகளையும் பிடித்து, “நல்லவேளை, நாங்கள் நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டோம்,” என்றார். அந்த ‘நாங்கள்’ என்பதில் தானும் அடக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

செபமாலைக் குழு தன் ஆராய்ச்சியைத் திருத்திக்கொண்டது. இதற்கும் றோல்ஸ் செலவானது. இந்த வருத்தம் நிறம் பார்க்காது, பால் கொடுத்தவளையும் விடாது, முப்பது வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒருக்கால் வைத்தியரிடம் காட்டக் காப்புறுதியே சொல்கிறது என்று பற்றிமா மாதாவுக்கு முன்னால் நின்று அறிவித்தாள். ஒருத்தி போனால் மற்றவள் போகாமல் இருப்பது எங்களில் வழக்கமில்லை. அந்த மேசைப் பெண்ணுக்கு அந்தக் கோடை முழுவதும் ஓய்வில்லை. தன் சொந்தக் கட்டியைப் பற்றிப் பற்றிமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு மனந்திரும்புதல் ஒரே கோடையில் யாருக்கும் வந்துவிடாது.

அறுவை முடிந்து அபேனா வீட்டுக்கு வந்ததும் குடும்பத்தார் போய்ப் பார்த்தார்கள். இரண்டு மணித்தியாலம் இருந்து, அவளுக்கு ஓய்வு தேவை என்று எல்லோரும் மாறிமாறிச் சொன்னார்கள். சாற்றுப் பெட்டிகளை அடுக்க இடமில்லாமல் குளியல் தொட்டியில் வைத்தார்கள். அபேனாவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் பிடித்தாள்.

கடைசியாக வெளியே வந்த பற்றிமா, வாசல் கதவின் பிடியில் ஒரு அறிவிப்பு மட்டை தொங்குவதைக் கண்டாள். இந்தக் கிழமை மாடிப்படி கழுவும் முறை இந்த வீட்டுக்கு. கழுவி முடித்தவர் மட்டையை அடுத்த கதவில் தொங்கவிட வேண்டும். கீழ்த்தட்டில் இருந்த கிழவி, பெண்கள் இறங்கிப் போகும்போது கதவைத் திறந்து, படிகளை ஒருமுறை பார்த்து, தலையை ஆட்டிவிட்டுச் சாத்தினாள். வெட்டுப்பட்டவளுக்கும் முறை முறைதான். ஜெர்மனியில் ஒழுங்கு நோய் விடுமுறை எடுப்பதில்லை.

செவ்வாய் முற்பகல், அபேனா காயத்தைக் காட்ட ரயிலில் போயிருந்த நேரம், பற்றிமா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் வாளி, துணி, தும்புத்தடி. ஜேசுரட்ணத்துக்குக் கடைக்கு என்று சொல்லியிருந்தாள். தபால்காரனுக்காக முன்கதவு திறந்து கிடந்தது. கிழவியின் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சி உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.

மேல்தட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, மேலிருந்து கீழாகக் கழுவினாள். முழங்காலில் நின்று ஒவ்வொரு படியின் மூலையையும் விரலால் தோண்டினாள். இடது கை எல்லாப் பக்கமும் போனது. கைபிடிக் கம்பியைத் துடைத்தாள். ஒருவரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

முடிந்ததும் திரும்ப மேலே ஏறி, அபேனாவின் வாசலில் நின்றாள். கைப்பையில் ஒரு மாதா படம் இருந்தது. அதைக் கதவிடுக்கில் செருகினால் யார் வந்தது என்று அவளுக்குத் தெரியும். பற்றிமாவுக்குத் தெரியப்படுத்திச் செய்வதுதான் எப்போதும் பிடிக்கும். அது அவளுடைய பலவீனம், அவளுக்கே தெரியும். படத்தை எடுத்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்பப் பைக்குள் வைத்தாள்.

மட்டையைக் கழற்றி எதிர்வீட்டுக் கதவில் தொங்கவிட்டாள். பிறகு, காய்ந்திருந்த ஓரமாக அடிவைத்து, கழுவிய படிகளில் கால்தடம் விழாமல் இறங்கி, பஸ்ஸுக்குப் போனாள்.